பின் டயர் 2019, முன் டயர் 2023: மழையில் வால் வழுக்குகிறது, ஈப்போ வரை ஓட்டலாமா?

ஈசூன் வண்டி:
வணக்கம். என்னுடையது எட்டு வருடம் பத்து மாதம் ஆன 1.6 செடான். டயர் அளவு 205/55 ஆர்16. வார இறுதியிலும் பிள்ளைகளை டியூஷனுக்கு விடவும்தான் எடுப்பேன், அதனால் ஓட்டம் குறைவு. போன செவ்வாய் சாயங்காலம் கொட்டுகிற மழையில், இங்கே சிங்கப்பூரில், புக்கிட் தீமா விரைவுச்சாலையில் மண்டாய்க்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வேகம் எழுபதுதான் இருக்கும். வளைவில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் வலதுபக்கமாக இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. பின்னால் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கு வந்து இறங்கியும் கை நடுக்கம் நிற்கவில்லை.

இன்னும் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. எண்பத்தைந்தைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது, எழுபதுக்கு இறங்கினால் நின்றுவிடுகிறது. அப்புறம் எங்கள் புளோக் கார் பார்க்கில் மேட்டைத் தாண்டும்போது முன்னால் இடதுபக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம்.

பட்டறையில் நான்கு டயர், இரண்டு லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை), நான்கு அப்சார்பர் (அதிர்வு தாங்கி) எல்லாம் சேர்த்து 1,750 வெள்ளி என்கிறார்கள். சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய 14 மாதம்தான் இருக்கிறது, பிறகு வண்டியை விடுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவாகவில்லை. டயரில் புங்கா (பள்ளத்தின் ஆழம்) இன்னும் நிறைய இருக்கிறது, பின்னால் அளந்தால் 5 மில்லிமீட்டர் வருகிறது, சட்டம் கேட்பது 1.6தான். முன் டயரை 2023இல் மாற்றினேன், பின்னால் இருப்பது 2019. தீபாவளிக்கு மலேசியாவில் ஈப்போவிலுள்ள மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். எதைச் செய்தால் போதும், எதைத் தள்ளிப் போடலாம்?

காக்கி புக்கிட் கை:
தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. முன்னால் 2023, பின்னால் 2019. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும், அதனால் புதிதை முன்னால் போட்டுப் பழையதைப் பின்னால் விட்டுவிடுவது இங்கே பாதிப் பட்டறைகளின் பழக்கம். அது தவறு. முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பி வரும், சாதாரண ஓட்டுநரும் சமாளிப்பார். பின் டயர் பிடி விட்டால் வண்டி சுழலும். அப்போது பயந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, இன்னும் வழுக்கும். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நடந்தது இதுதான். எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் நல்ல ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். பதினைந்து வருடம் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

புங்கா 5 மில்லிமீட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஆறு வருடம் நின்ற ரப்பர் இறுகிப்போகும். பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளும், ஆனால் ஈரத் தார்ச்சாலையைப் பிடிக்க ரப்பர் மிருதுவாக இருந்தாக வேண்டும். குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்னால் கிழடாகிவிடுகிறது. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

இரவு ஓட்டுநர்:
அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு அப்சார்பரும் வேண்டும் என்பதை நான் நம்பமாட்டேன். எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை டயர் மேல் சுற்றித் தடவிப் பாருங்கள், திட்டுத் திட்டாக மேடு பள்ளம் தட்டினால் அப்சார்பர் மேல் சந்தேகப்படலாம். வழவழப்பாக இருந்து, கசிவும் இல்லை, மேட்டைத் தாண்டியபின் வண்டி துள்ளிக்கொண்டே இருப்பதும் இல்லை என்றால் இப்போதைக்கு விடுங்கள்.

நடுக்கத்துக்கு ஒரு சோதனை. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு வந்தால் குற்றம் சக்கரத்தில், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) செய்தால் பெரும்பாலும் போய்விடும். ஸ்டியரிங்கிலேயே நின்றால் முன்பக்க அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது டிஸ்க், வேறு கதை.

காற்றையும் பாருங்கள். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு அளந்தால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் அதே ஸ்டிக்கரில் பளு ஏற்றிய வண்டிக்கு ஓர் எண் இருக்கும், பின் டயருக்கு அதை வையுங்கள்.

ஈசூன் வண்டி:
நன்றி அண்ணே. இன்று காலை கீழே போய்ப் பார்த்தேன். பின் டயர் இரண்டிலும் 1419, பக்கவாட்டில் முடி மாதிரி வெடிப்புகள். இன்னொன்றும் தெரிந்தது, முன் இடது டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருக்கிறது, நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் குனிந்தபோதுதான் தெரிந்தது. முதலில் அலைன்மெண்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) செய்துவிடட்டுமா?

செங்காங் அக்கா:
தம்பி, பேலன்சிங் செய்யும்போது சக்கரம் சுழல்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஜோகூரில் ஒரு குழியில் இறங்கியபின் என் வண்டியும் இப்படித்தான் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை, கடைசியில் ரிம் உள்பக்கம் நெளிந்திருந்தது. சுழலும்போது விளிம்பு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

சிஓஇ கணக்கை இதோடு கலக்காதீர்கள் என்பது என் கருத்து. ஐந்து வருடம் நீட்டித்தால் அதற்குமேல் நீட்டிக்க முடியாது, பத்து வருடம் தாண்டினால் பரிசோதனை ஆண்டுதோறும், சாலை வரியிலும் 10 விழுக்காடு கூடுதல் தொடங்கி 50 வரை ஏறும். அதையெல்லாம் அடுத்த வருடம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அடுத்த மாதம் மழையில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகப்போவது உங்கள் குடும்பம்.

காக்கி புக்கிட் கை:
அலைன்மெண்ட் கடைசியில்தான். உள் ஓரம் தேய்வது, இடதுபக்கம் 'டொக்' சத்தம், இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. லோயர் ஆர்ம் புஷ் (அதிலுள்ள ரப்பர்) கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் சக்கரம் தன் கோணத்தை விட்டு நகரும். அந்த நிலையில் அலைன்மெண்ட் செய்தால் மெஷினில் எண் பச்சையாக வரும், கார் பார்க் மேட்டைத் தாண்டியதும் கலைந்துவிடும், கொடுத்த காசு வீண். ஆனால் சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்தும் வரலாம், அது விலை குறைந்த சாமான். கம்பி போட்டு நெம்பி, எது ஆடுகிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். முதலில் ஆடுகிற சாமானை மாற்றி, பிறகு டயரும் பேலன்சிங்கும், எல்லாம் முடிந்தபின் அலைன்மெண்ட். உள் ஓரம் மொட்டையான டயரோடு இருக்கிற ஜோடியையும் ஓட்ட வேண்டாம், நான்கையும் மாற்றுங்கள். புது டயரின் தேதி இலக்கத்தை, பூட்டுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள்.

ஈசூன் வண்டி:
முடிந்தது. வேறு பட்டறைக்குப் போனேன். போர்மேன் வண்டியைத் தூக்கி, கம்பியால் நெம்பிக் காட்டினார், இடது லோயர் ஆர்மின் பின் புஷ் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. வலதில் வெடிப்பு தொடங்கியிருந்ததால் இரண்டையும் மாற்றிவிட்டேன். அப்சார்பரில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை, விட்டுவிட்டேன். நான்கு டயர், பேலன்சிங், அலைன்மெண்ட், லோயர் ஆர்ம் எல்லாம் சேர்த்து 980 வெள்ளி ஆனது. அக்கா சொன்னதுபோல் நின்று பார்த்தேன், ரிம் நேராகத்தான் சுழன்றது. நேற்று மழையிலேயே அதே வளைவில் மெதுவாகப் போய்ப் பார்த்தேன், தண்டவாளத்தில் போவதுபோல் போனது. தொண்ணூறிலும் ஸ்டியரிங் அசையவில்லை. நவம்பரில் ஒன்பதாம் ஆண்டுப் பரிசோதனைக்கும் இதே நிலையில் கொண்டுபோகலாம்.

இரவு ஓட்டுநர்:
நல்லது தம்பி. புதிதாகச் சக்கரம் பூட்டியிருப்பதால் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே. ஸ்பேர் டயரிலும் காற்று பாருங்கள். அது சின்ன டயராக இருந்தால் 80க்கு மேல் போகக்கூடாது, பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். எல்லை தாண்ட உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போகும் முன் பெட்ரோல் தொட்டியில் முக்கால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வரிசையில் நின்றபின் திரும்புவது கொடுமை.