கேடயத்துக்கு ஏன் பயந்தார் கோர்பச்சேவ்?

கேள்வி:
1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அணு ஆயுத ஒழிப்பு வரை பேசிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். பாய்ந்து வரும் அணு ஏவுகணைகளைத் தடுக்க ரீகன் திட்டமிட்ட விண்வெளிக் கவசம் யாரையும் கொல்லாதே, அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

பதில்:
தம்பி, நான் இயற்பியல் வாத்தியார். வகுப்பிலும் இதைக் கேட்பார்கள். கேடயம் வைத்திருப்பவன் கையில் வாளும் இருக்கிறதே! முதலில் அடித்துவிட்டு, மிஞ்சித் திரும்பி வருவதைத் தடுத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றும். எதிராளி இன்னும் ஏவுகணைகளைக் குவிப்பான். அதனால்தான் இரு நாடுகளும் செய்துகொண்ட 1972 ஒப்பந்தத்தில் தடுப்பு ஏவுகணைகளுக்கே வரம்பு போட்டார்கள். ரெய்க்யவிக்கில் பேச்சு நடந்த ஹோஃப்டி மாளிகையில் முட்டியது ‘ஆய்வுக்கூடம்’ என்ற சொல்லில். விண்வெளிக் கவசச் சோதனை பத்து ஆண்டுகள் அதற்குள்ளேயே நடக்கட்டும் என்றார் கோர்பச்சேவ். ரீகன் மறுத்தார்.

கேட்டவர்:
சரி சார், அப்புறம் 1987இல் ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் எப்படிக் கையெழுத்தானது?

பதில்:
நடுத்தூர ஏவுகணைகளைக் கவசப் பேச்சிலிருந்து கோர்பச்சேவ் பிரித்தெடுத்தார். 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: ஒப்பந்தம் மீறப்படாமல் பார்க்க, சோவியத்தின் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலில் அமெரிக்கர்கள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மேக்னா ஆலை வாசலில் சோவியத் ஆட்கள். வருடக்கணக்கில் தங்கி, வெளியே போகும் வண்டிகளைச் சோதித்தார்கள்.