புதுப்பிப்பு: இடைவெளியுள்ள கோப்புப் பெயர்களும் ஃபைண்ட் கட்டளையும்

மயிலாப்பூரில் உள்ள எங்கள் அலுவலகச் சர்வரில், கோப்புகளைத் தேடித்தரும் ஃபைண்ட் கட்டளையின் விடைகளை, அவற்றை வேறொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைக்கு அனுப்பியபோது ‘வாடகை ரசீது.பிடிஎஃப்’ என்ற ஒரே கோப்பு ‘வாடகை’, ‘ரசீது.பிடிஎஃப்’ என இரண்டாக உடைந்து, இரண்டுமே இல்லையென்று பிழை வந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தமிழ் எழுத்துகளுக்கு இதில் பங்கே இல்லை. எக்ஸ்ஆர்க்ஸ் இயல்பாகவே இடைவெளியைப் பெயரின் முடிவாகக் கொள்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயருக்குள் வர முடியாதவை சாய்கோடும் (/) சுழிய பைட்டும் (மதிப்பு பூஜ்யமான பைட்) மட்டுமே என்பதால், ஃபைண்டுக்கு ‘-பிரிண்ட்0’ என்றும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு ‘-0’ என்றும் கொடுத்துச் சுழிய பைட்டால் பெயர்களைப் பிரித்ததும், எல்லாக் கோப்புகளும் முழுதாகக் கிடைத்தன. இக்கட்டளைகளின் குனு (கட்டற்ற மென்பொருள் திட்டம்) பதிப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் இவ்வசதி 2024-இல் வெளியான, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலும் இடம்பெற்றிருப்பது மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளை இன்றிரவே திருத்துகிறேன்.