ஹோம்ஸ்டே முன்பதிவுக்கு ஏற்ற காலண்டர் மென்பொருள் எது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் நானும் என் அக்காவும் மூன்று அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே ஒன்றை நடத்தி வருகிறோம். முன்பதிவுகள் இரண்டு இணையதளங்கள் வழியாகவும் தொலைபேசியிலும் வருகின்றன. அனைத்தையும் அக்கா ஒரே நோட்டில் எழுதி வைப்பதால், சென்ற மே மாத சீசனில் ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டிகளுடன் வந்து நின்றன.

அதன்பின் கூகுள் காலண்டரில் அவ்விரு தளங்களின் ஐகேல் (iCal, ஒரு காலண்டரின் பதிவுகளை மற்றொன்றில் காட்டும் முறை) இணைப்புகளைச் சேர்த்தேன். ஆனால், ஐகேல் முறையில் ஒரு காலண்டர் மற்றொன்றை அவ்வப்போதுதான் சென்று பார்க்கிறது என்பதால், காலையில் வந்த பதிவு சில மணி நேரம் கழித்தே தெரிகிறது. சீசனில் அந்த இடைவெளியே போதும், அறை மறுபடியும் விற்றுவிடும். பதிவு வந்தவுடன் எல்லா இடங்களிலும் தேதியை அடைக்கக்கூடியதும், மழையில் இணையம் நின்றாலும் கைபேசியில் பார்க்கக்கூடியதும், அக்காவுக்காகத் தமிழில் இயங்கக்கூடியதுமான மென்பொருளை யாரேனும் பயன்படுத்துகிறீர்களா? மாதக் கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் சொந்தத் தளத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். ஒரு பக்கத்தின் தோற்றத்தைப் பார்வையாளர்கள் 50 மில்லி விநாடிக்குள் எடைபோட்டு விடுகிறார்கள் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தனர். எங்கள் முகப்பிலோ பனிமூட்டப் படங்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதற்குள் தேநீரே ஆறிவிடும். அவற்றை நீக்கி, ஒரே படமும் காலி தேதிகளைக் காட்டும் காலண்டரும், நீலகிரிக்கு இ-பாஸ் தேவை என்ற குறிப்பும் வைக்கலாம் என்பது என் எண்ணம். காலண்டரை முகப்பிலேயே வைத்தால் கடை விரித்தது போல் இருக்கும் என்கிறார் அக்கா. விடுதி நடத்துபவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.