பாதி மாட்டின பேசின் மிக்சர்: கடை திரும்ப எடுக்கணுமா, வேண்டாமா?

நீலவாளி:
சிங்கிள் லீவர் பேசின் மிக்சர் (ஒரே கைப்பிடியில சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலக்கற குழாய்), புதுசு. பேசின் துளையில இறக்கி, ரெண்டு ஹோஸையும் ஆங்கிள் காக்ல (சுவர்ல இருக்கற அடைப்பு வால்வு) கொடுத்துத் திறந்ததுமே அடியில ஈரம். சிலிக்கான் இன்னும் போடலை. கடையில "தண்ணி பட்ட சரக்கு ரிட்டர்ன் கிடையாது, கம்பெனிக்கு கம்ப்ளைண்ட் பண்ணுங்க"ன்னுட்டாங்க. பில்லும் பெட்டியும் இருக்கு. மாட்டிப் பார்க்காம ஒழுகுமா ஒழுகாதான்னு எப்படிங்க தெரியும்?

கல்லாப்பெட்டி:
கடை பக்கம் நியாயம் இருக்கு. தண்ணி ஓடின பீஸைப் புதுசுன்னு இன்னொருத்தர் தலையில கட்ட முடியாது. அதோட "பாடி ஒழுகுது"ன்னு வர்றதுல நிறைய மாட்டினவங்க பண்ற கோளாறு. ஹோஸ் பாடிக்குள்ள ஏறுற முனை எம்10, அதாவது 10 மி.மீ. மரை. அங்க தண்ணியைத் தடுக்கறது ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம், மரை இல்ல. அந்த மரையில டெஃப்லான் டேப் சுத்தி ஸ்பேனர் போட்டு முறுக்கினா ஓ-ரிங் நசுங்கும், இல்ல மரை போகும். அந்த நஷ்டத்தைக் கடை ஏன் சுமக்கணும்?

அரைஇஞ்ச்:
எம்10 பத்தி சொன்னது சரி. ஆனா அதைக் காரணமா வச்சு வர்ற எல்லாரையும் திருப்பி அனுப்பறது தப்பு. தண்ணி எங்க கிளம்புதுன்னு பார்த்தா யார் தப்புன்னு தெரிஞ்சுடும்.

நீலவாளி, மிக்சரைப் பேசின்ல இருந்து முழுசா கழற்றுங்க. ஹோஸ் ஆங்கிள் காக்லயே இருக்கட்டும், கீழ ஒரு வாளி. துணியால நல்லா துடைச்சு, ஹோஸ் ஏறுற இடம், பாடியோட வயிறு, லீவருக்குக் கீழ இருக்கற வளையம், மூணுலயும் தனித்தனியா டிஷ்யூ பேப்பர் சுத்துங்க. லீவரை மூடியே வச்சு ஆங்கிள் காக்கைத் திறந்து பத்து நிமிஷம் விடுங்க. எது முதல்ல நனையுதுன்னுதான் பார்க்கணும். கொஞ்ச நேரம் போனா மேல கிளம்பின தண்ணி வழிஞ்சு எல்லாத்தையும் நனைச்சுடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது.

வயிறு நனைஞ்சா வார்ப்புல ஊசித்துளை. அதுல விவாதமே கிடையாது, பீஸை மாத்தித்தான் ஆகணும். லீவருக்குக் கீழன்னா பெரும்பாலும் கார்ட்ரிட்ஜை (தண்ணியைத் திறந்து மூடற உள்பாகம்) பிடிக்கற நட் தளர்வா இருக்கும், இறுக்கினா நின்னுடும். ஹோஸ் கழுத்துன்னா ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்க.

மூடியிருக்கும்போது காய்ஞ்சு, திறந்தா மட்டும் கசிஞ்சா துளை தண்ணி கொட்டற மூக்குப் பக்கம். லீவர் மூடியிருந்தா கார்ட்ரிட்ஜுக்கு அந்தப்பக்கம் அழுத்தம் போகாது. அதனால திறந்தும் ஒருதடவை சோதிக்கணும்.

கல்லாப்பெட்டி:
இதெல்லாம் கவுன்ட்டர்ல நின்னு யார் செய்வாங்க? அதுக்குத்தான் கம்பெனி சர்வீஸ் ஆள். அவர் ரிப்போர்ட் கொடுத்தா டீலருக்கு மாற்று பீஸ் வரும். ரிப்போர்ட் இல்லாம கடை எடுத்தா அது கடையோட கைக்காசு.

அரைஇஞ்ச்:
சரி, ரிப்போர்ட் வேணும்னா கடையே சர்வீஸுக்குப் போன் போடட்டும். காசு வாங்கினது கடை. "தண்ணி பட்டிருக்கு"ங்கறது ஒரு பதிலா? தண்ணி பட்டாத்தானே அது குழாய்!

ஈரச்சுவர்:
அரைஇஞ்ச் சொல்றதுக்கு ஒரு எல்லை உண்டு. மூக்குல சொட்டறதுன்னு கொண்டுவர்றதுல பாதி கேஸ் மணல். லைனைத் திறந்துவிட்டு அழுக்கை வெளியேத்தாம மாட்டினா, பைப் அறுத்த பிசிரும் சிமென்ட் துகளும் கார்ட்ரிட்ஜோட பீங்கான் தட்டுல கீறல் போட்டுடும். அது உற்பத்திக் குறை இல்ல.

தண்ணி மெல்லிசா வருதுன்னு திருப்பறதும் அப்படித்தான். மேல்தொட்டியில தண்ணி மட்டம் குழாயை விட 3 மீட்டர் உயரம்னா கிடைக்கற அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார். பெட்டியில குறைந்தபட்சம் 0.5 பார்னு அச்சடிச்சிருந்தா பீஸ் மேல குத்தம் சொல்ல முடியாது. மூக்கு நுனியில இருக்கற ஏரேட்டர் சல்லடையைக் கழற்றி அலசிப் பார்த்துட்டுப் பேசலாம்.

சுவருக்குள்ள போற டைவர்ட்டர்னா (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணியைத் திருப்பற பாகம்) இன்னும் கவனம். டைல் ஒட்டினப்புறம் பாடி பழுதுன்னு நிரூபிச்சாலும் பொதுவா பாடி மட்டும்தான் மாத்தித் தருவாங்க, உடைச்ச டைலுக்குப் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. பூசறதுக்கு முன்னாடியே வாய்களை பிளக் போட்டு மூடி அழுத்தம் கொடுத்துப் பார்க்கணும்.

நீலவாளி:
டிஷ்யூ சுத்திப் பார்த்தாச்சு. இடது ஹோஸ் கழுத்துதான் முதல்ல நனையுது. கழற்றினா ஓ-ரிங்ல ஒரு பக்கம் பொடிசா வெட்டு. டேப் சுத்தலை, கையாலதான் முறுக்கினது.

கல்லாப்பெட்டி:
அப்போ ஓ-ரிங் போயிருக்கு. மாட்டும்போது வெட்டுப்பட்டது. இதைத்தான் முதல்லயே சொன்னேன்.

அரைஇஞ்ச்:
அவசரப்படாதீங்க சார். எது வெட்டிச்சு? நீலவாளி, காது குடையற பஞ்சுக்குச்சியை பாடியில ஹோஸ் ஏறுற இடது துளையோட விளிம்புல மெதுவா ஒரு சுற்று ஓட்டுங்க. வலது துளையிலயும் அதேமாதிரி. இடதுல மட்டும் பஞ்சு இழை சிக்கினா கம்பெனியில கடைஞ்சப்போ உலோகப் பிசிர் விட்டிருக்காங்க. புது ஓ-ரிங் போட்டாலும் அதே இடத்துல வெட்டும். சிக்கின இழையோட கிட்டத்துல போட்டோ எடுத்துடுங்க. பிசிரை நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்ச்சா ஆதாரம் போச்சு.

கல்லாப்பெட்டி:
பிசிர் இருந்து, பாடியில ரெஞ்ச் தடமும் இல்லன்னா எடுத்துத்தான் ஆகணும், ஒத்துக்கறேன். பேசினுக்கு அடியில பிடிக்கற லாட வாஷர், ஸ்டட், நட், அப்புறம் ரெண்டு ஹோஸ், எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கொண்டுபோங்க. ஒண்ணு குறைஞ்சாலும் அதைச் சாக்கா வச்சுத் திருப்பி அனுப்புவாங்க. இழை சிக்கலைன்னா ஹோஸை மட்டும் மாத்துங்க, மிக்சரைத் தொடவே வேண்டாம்.