பதிவேட்டில் ஒரு பெயர், வகுப்பில் ஒரு பெயர்

ஒரு அம்மா:

என் மகன் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டவன். 2022-இல் அவனைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, "சர்டிபிகேட்ல என்ன பேரோ அதைத்தான் கூப்பிட முடியும்மா, ரூல் அப்படி" என்றார் தலைமையாசிரியர். எந்த ரூல் என்று கேட்டேன். பதில் இல்லை. அதே பள்ளியில் பதிவேட்டில் முழ நீளப் பெயர் உள்ள ஒரு பையனை வாட்ச்மேன் முதல் ஹெச்.எம். வரை 'குட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு யாரும் அரசாணை கேட்டதில்லை.

காகிதத்தில் மாற்றுவது வேறு விஷயம். தன் பாலினம் எது என்று ஒருவர் தானே சொல்லலாம் என்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அப்புறம் 2019-இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2020-இல் அதற்கான விதிகள். நாங்கள் போனபோது அதன்படி கலெக்டரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதைக் காட்டிப் பள்ளிச் சான்றிதழில் பெயர் மாற்றக் கேட்டால், 15 நாளில் செய்து தர வேண்டும். (எங்களுக்கு அதற்குள் நடக்கவில்லை, அது தனிக் கதை.) பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் விண்ணப்பிக்க முடியும். நான் கையெழுத்துப் போட்டேன். போட ஆளில்லாத பிள்ளைகள் என்ன செய்யும்?

ஒரு தமிழாசிரியை:

அப்படி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். பதிவேட்டில் ஆண்பிள்ளை. கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதி, "மிஸ், இப்படிக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். தனியே அழைத்து, "வீட்டுக்குப் போன் பண்ணினா எந்தப் பேரைச் சொல்லணும்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "பழைய பேரு மிஸ். அப்பா எடுத்தா கண்டிப்பா."

அதனால் ரேங்க் கார்டில் பழைய பெயர், வகுப்பில் அவள் கேட்ட பெயர். பெயர்கூடச் சுலபம். 'டா'வும் 'டி'யும்தான் நாக்கை விட்டுப் போகாது. மொத்த வகுப்பையும் 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. பி.டி. சார் மட்டும் விசிலும் கையுமாக "டேய்" என்றே கத்துவார். கல்வி ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி செய்ய வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூமில் அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். "ஆவணம்னுதானே இருக்கு" என்றார். மனிதர் கெட்டிக்காரர்!

பெற்றோர் கூட்டத்தன்று அவள் அப்பா கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும், பக்கத்து பெஞ்சுப் பெண்கள் சட்டென்று பழைய பெயருக்கு மாறினார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு திருநங்கை:

எங்கள் காலத்தில் இப்படி மிஸ் ஏது? பத்தாவதோடு நின்று, பல வருஷம் கழித்துத் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதினேன். கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய பெயரை அறை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். எல்லாத் தலையும் திரும்பியது. படித்ததெல்லாம் மறந்துபோச்சு.

அந்த அம்மாவுக்கு ஒன்று: பத்தாவது மார்க் ஷீட்டை முதலில் மாற்றிவிடுங்கள். பின்னால் எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். பழைய பெயரில் உள்ள டி.சி. நகலைக் கிழித்துவிடாதீர்கள். பார்த்தாலே எரிச்சல் வரும்தான், இருந்தாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.