வாங்குபவர் கொடுத்தால் விற்பவருக்கு நட்டமில்லையா? பார்க் ஹோம் பற்றி ஒரு மறுப்பு

பனங்கூடல் எழுதியது:

பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பின்னரும் இங்கிலாந்தில் மூன்று அறை வீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்றும், அறுபத்தைந்து வயதில் அதை விற்றுவிட்டு ஒரு பார்க் ஹோமுக்கு, அதாவது பிறருக்குச் சொந்தமான தளத்தில் நிலவாடகைக்கு நிற்கும் ஆயத்த வீட்டுக்கு, குடிபோவதே புத்தி என்றும் தென்கரைவாசி சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். ஹாரோவில் முப்பத்தோரு ஆண்டுகளாக அத்தகைய வீடொன்றைக் கட்டிப்பிடித்திருப்பவனும், அதே முப்பத்தோரு ஆண்டுகளும் பிறருடைய கணக்குகளை எழுதியே பிழைத்தவனுமாகிய நான் அதை இன்றுதான் வாசித்தேன். வீடு வாங்கும்போது கட்டும் ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, கவுன்சில் டாக்ஸ் என்னும் உள்ளூராட்சி வரி பெரும்பாலும் மிகக் குறைந்த ஏ பிரிவு, மிச்சப் பணம் வங்கியில் கிடக்கும் என்று அவர் சொன்னவை சரி. ஆனால் பார்க் ஹோமை விற்கும்போது தள உரிமையாளருக்குப் போகிற 10 வீதக் கமிஷனை ‘வாங்குபவரே செலுத்துகிறார், ஆகவே விற்பவருக்கு நட்டமில்லை’ என்று எழுதியிருக்கிறாரே, அதை எந்தக் கல்லூரியில் படித்தார் என்று அறிய விரும்புகிறேன். இரண்டு லட்சம் பவுணுக்கு விலை பேசினால் விற்பவர் கையில் வருவது 1,80,000. மீதி 20,000 யாருடையது?

தென்கரைவாசி எழுதியது:

கல்லூரியில் படிக்கவில்லை ஐயா, கையால் கொடுத்துப் படித்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் டோர்செட்டில் எங்கள் வீட்டை ஒரு வயோதிபப் பெண்மணியிடமிருந்து 1,65,000 பவுணுக்கு வாங்கியபோது, அவருக்கு 1,48,500 பவுணும் தள உரிமையாளருக்கு 16,500 பவுணும் என்னுடைய வங்கிக் கணக்கிலிருந்துதான் சென்றன. பார்க் ஹோம்களுக்கான 2013ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டத்துக்குப் பின்னர் நடைமுறையே அதுதான். அதற்கு முன்னர் தள உரிமையாளர் வாங்க வருபவரைச் சந்தித்து, பயமுறுத்தி, துரத்திவிட்டு, கடைசியில் அந்த வீட்டைத் தானே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வதும் நடந்தது. அந்தக் கொடுமையைச் சட்டம் ஒழித்தது. கமிஷனும் 1983க்கு முன்னர் 15 வீதம் வரை இருந்து, பின்னர் அதிகபட்சம் 10 ஆனது. இவ்வளவையும் விட்டுவிட்டு யார் கொடுத்தார் என்று கேட்கிறீர்கள். நான் கொடுத்தேன்.

பனங்கூடல் எழுதியது:

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, அந்தக் காணிக்கை என்னுடையது என்று சொல்கிறவரை ஊரில் என்னவென்று அழைப்போம் என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் கை கொடுத்தது, அந்தப் பெண்மணியின் பை கொடுத்தது. அவர் 1,65,000 என்று விலை சொன்னார், 1,48,500 பெற்றார். நாளை தாங்கள் விற்கும்போதும் இதேதான் நடக்கும். இலாபத்தில் பத்து வீதமும் அன்று, முழு விலையில் பத்து வீதம். நட்டத்துக்கு விற்றாலும் பத்து வீதம். சில்லுப் பூட்டிய ஒரு பெட்டிக்கு இவ்வளவு தாராளம் எனக்குக் கட்டுப்படியாகாது.

பழைய தபால்காரர் எழுதியது:

முதலில், அது ‘பத்து வீதம்’ அன்று, ‘பத்து சதவீதம்’. கணக்கு எழுதிப் பிழைத்தவர் இதையாவது சரியாக எழுதியிருக்கலாம்.

இரண்டாவதாக, இந்தக் கமிஷன் வாழ்நாளில் ஒருமுறை வருவது, பிட்ச் ஃபீ என்னும் நிலவாடகையோ மாதந்தோறும் வருவது. வீடுதான் உங்களுடையது, அது நிற்கும் மண் உங்களுடையது அன்று என்பதால் அந்த வாடகைக்கு முடிவே இல்லை. ஆண்டுக்கொரு முறை அதை உயர்த்துவதற்கு இங்கிலாந்தில் 2023 ஜூலை 2 வரை ஆர்பிஐ என்ற பழைய விலைக் குறியீட்டைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். 2022 அக்டோபரில் ஆர்பிஐ 14.2 சதவீதம், சிபிஐ என்ற நுகர்வோர் விலைக் குறியீடு 11.1 சதவீதம். என் மைத்துனருக்கு அடுத்த ஜனவரியில் மாதம் 186 பவுண்டாக இருந்த வாடகை 212 ஆனது. இப்போது சிபிஐ என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள், ஆனாலும் ஏறிய வாடகை இறங்கவில்லை. பேச வேண்டியது இதை.

பனங்கூடல் எழுதியது:

ஈழத்தில் ‘வீதம்’ என்றுதான் எழுதுவோம். நாங்கள் படித்த பாடநூலிலும் அப்படித்தான் இருந்தது. சென்னையிலிருந்து சான்றிதழ் பெற்றுத்தான் தமிழ் எழுத வேண்டும் என்ற விதி எப்போது வந்ததென்று தபால்காரர் அறிவித்தால் நன்றி. சூரிய மின்தகடு பற்றிய விவாதத்தில் என்னிடம் தோற்றதை அவர் இன்னமும் மறக்கவில்லை என்று தெரிகிறது.

பிட்ச் ஃபீ பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், நான் கேட்டது அதுவன்று. 20,000 யாருடையது?

பழைய தபால்காரர் எழுதியது:

தோற்கவில்லை. நேரம் போதாமல் விலகினேன். நான் படித்தது சென்னையிலும் அன்று, திருநெல்வேலியில்.

தென்கரைவாசி எழுதியது:

‘சில்லுப் பூட்டிய பெட்டி’ என்ற சொல்லைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும். எங்கள் வீடு பிஎஸ் 3632 என்ற பிரிட்டிஷ் தரத்துக்குக் கட்டப்பட்டது. சுவரிலும் தரையிலும் குளிர்காப்பு உண்டு. இரண்டு பாதிகளாக லொறியில் வந்து கான்கிரீட் தளத்தின்மீது இணைக்கப்பட்டது என்பதும், அடியில் சில்லு உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதைச் சுற்றிச் செங்கல் கட்டி, முன்னால் என் மனைவி நட்ட ரோசாச் செடிகள் நிற்கின்றன. சட்டம் அதைக் கேரவன் என்று அழைக்கலாம். 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலத்துக்கு மேற்படாவிட்டால் எதையும் சட்டம் அப்படித்தான் அழைக்கும். ஹாரோவில் மூன்று மாடிப்படி ஏறுவதற்கு மூட்டுவலி மாத்திரை விழுங்குகிறவர் எங்கள் ஒற்றைத்தள வீட்டை இகழ வேண்டாம்.

பத்து வீதத்தைப் பொறுத்தவரை, அந்தப் பெண்மணி கமிஷனையும் மனதில் வைத்துத்தான் விலை சொல்லியிருப்பார். அந்தச் சுமை வாங்கிய என்மீது விழுந்தது. ஆகவே நான் கொடுத்தேன் என்பதே சரி.

பனங்கூடல் எழுதியது:

அப்படியானால் தாங்கள் விற்கும்போது கமிஷனை மனதில் வைத்து விலையை உயர்த்துவீர்கள், சந்தை அதைத் தலைவணங்கி ஏற்றுக்கொள்ளும், அப்படித்தானே? இந்த வீடுகளை வாங்க வழக்கமான அடமானக் கடன் கிடையாது. கையில் காசோடு வருகிற, அதுவும் பெரும்பாலான தளங்களின் விதிப்படி ஐம்பது வயதைக் கடந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்துத் தளத்தில் தள உரிமையாளரே பளபளக்கும் புதிய வீட்டை விற்றுக்கொண்டிருக்கும்போது பழைய வீட்டுக்கு யார் விலையை உயர்த்தித் தருவார்? மூட்டுவலி பற்றிய தங்கள் அக்கறைக்கு நன்றி. நான் விழுங்குவது இரத்த அழுத்த மாத்திரை, அதுவும் இப்படிப்பட்ட பதிவுகளை வாசித்த பின்னரே.

நீலாம்பல் எழுதியது:

ஐயாமார் மன்னிக்க வேண்டும். என் பெற்றோர் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 68. எசெக்ஸில் ஒரு தளத்தைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டை விற்கப் போவதாகச் சொல்கிறார்கள். லண்டன் எல்லையைத் தாண்டினால் ஃப்ரீடம் பாஸ் என்னும் முதியோருக்கான இலவசப் பயண அட்டை போய்விடும், பேருந்துக்கு மட்டுமான பாஸ்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்கு எப்படி வருவார்கள் என்று கேட்டால் அப்பா பதில் சொல்வதில்லை. திருமணமாகாத என் தம்பி இப்போது அவர்களோடுதான் இருக்கிறான், அவனுக்கு 34 வயது. அவர்களுக்குப் பிறகு அந்த வீடு அவனுக்கு வருமா? இன்னொன்று, தளம் ஜனவரி மாதத்தில் மட்டும் மூடப்படும் என்றும் அது ஒரு சம்பிரதாயந்தான் என்றும் விற்பனையாளர் சொன்னாராம்.

தென்கரைவாசி எழுதியது:

தங்கள் தம்பி இறக்கும் தறுவாயில் அவர்களோடு அங்கே வசித்திருந்தால்தான் தளத்தில் குடியிருக்கும் ஒப்பந்தம் அவருக்குத் தொடரும். வயது வரம்புள்ள தளத்தில் அவரை வசிக்க விடுவார்களா என்பதை முன்னரே கேளுங்கள். வேறிடத்தில் வசிக்கும் பிள்ளைக்கு வீடு சொத்தாக வரும், விற்கலாம், ஆனால் அங்கே குடியிருக்கும் உரிமை தானாக வராது.

பனங்கூடல் எழுதியது:

பார்த்தீர்களா, பிள்ளை? பெற்றோரின் மரணத்துக்குப் பின்னர் நீங்கள் விற்றாலும் அந்தப் பத்து வீதம் போகும். கண்ணீரும் காயாத நேரத்தில் 20,000 பவுண். ‘வாங்குபவரே செலுத்துகிறார்’ என்று தென்கரைவாசி அப்போது உங்கள் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்வார்.

தென்கரைவாசி எழுதியது:

‘இறக்கும் தறுவாயில்’ என்று நான் எழுதியது பெற்றோரைப் பற்றி, தம்பியைப் பற்றியன்று. வாக்கியம் பிசகிவிட்டது, மன்னிக்கவும். பனங்கூடல் ஐயாவுக்கோ, குடும்பத்தினருக்கு உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்தால் இங்கிலாந்தில் கமிஷனே கிடையாது என்பது தெரியாது போலும்.

பனங்கூடல் எழுதியது:

தெரியும். தெரிந்ததனால்தான் சொல்லவில்லை. ‘குடியிருக்க உரிமையில்லை’ என்று இப்போதுதான் எழுதினீர்கள், அடுத்த பதிவிலேயே அன்பளிப்பாகக் கொடு என்கிறீர்கள். முப்பத்து நான்கு வயதுப் பையன் ஐம்பது வயதாகும் வரை அந்த அன்பளிப்பைச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பானா?

பழைய தபால்காரர் எழுதியது:

இருவரும் சற்று நிறுத்துங்கள். ஜனவரியில் மூடுகிறார்கள் என்றாரே, அதை யாரும் படிக்கவில்லையா? ஆண்டுக்குப் பதினொரு மாத உரிமம் என்றால் அது விடுமுறைத் தளம். அங்கே குடியிருப்போருக்கு 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டம் தரும் பாதுகாப்பு இல்லை, வேறு நிரந்தர முகவரி இல்லாமல் வசிக்கவும் முடியாது. அம்மா, தளத்துக்குக் கவுன்சில் கொடுத்த உரிமத்தையும் திட்ட அனுமதியையும் கேட்டுப் பாருங்கள். உண்மையான பார்க் ஹோம் தளம் என்றால் ஒப்பந்தத்துக்கு 28 நாட்களுக்கு முன்பே எழுத்துமூல விவரம் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

தபால்காரர் கடைசியில் ஒரு கடிதத்தைச் சரியான முகவரியில் சேர்த்திருக்கிறார், பாராட்டுகள். ஆனால் இதையும் நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு திரியில் எழுதியிருக்கிறேன் என்பதைப் பதிவு செய்கிறேன். அப்போது இதே தென்கரைவாசி என்னை ‘பயமுறுத்தி’ என்று அழைத்தார்.

தென்கரைவாசி எழுதியது:

‘பயந்தாங்கொள்ளி’ என்று அழைத்தேன். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

நீலாம்பல் எழுதியது:

எழுத்துமூலமாக எதுவும் வரவில்லை. அப்பா சனிக்கிழமையே 5,000 பவுண் முன்பணம் கட்டிவிட்டதாக அம்மா இப்போதுதான் சொன்னார். ரசீதில் ‘ஹாலிடே லாட்ஜ்’, அதாவது விடுமுறை வீடு, என்று போட்டிருக்கிறதாம். அதைத் திரும்பப் பெற முடியுமா?

பனங்கூடல் எழுதியது:

முன்பணம் தனி விடயம், பிள்ளை. அதற்குத் தனித் திரியொன்று தொடங்குங்கள், நான் வந்து எழுதுகிறேன். இந்தத் திரியில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. 1,65,000க்கு விலை பேசிவிட்டு 1,48,500 பெற்றுக்கொண்ட அந்தப் பெண்மணி 16,500 பவுணை இழந்தாரா இல்லையா என்பதற்கு, தென்கரைவாசி ஆம் அல்லது இல்லை என்ற ஒரே சொல்லில் பதிலளிக்க வேண்டும்.

தென்கரைவாசி எழுதியது:

நான் கொடுத்தேன்.