செல்ஃப் நல்லா அடிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல, ஐடியா சொல்லுங்க

வணக்கம் மக்களே, வேளச்சேரில இருக்கேன். அப்பாவோட பழைய பெட்ரோல் கார், 2004 மாடல், எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கற டைப்). மழைல ரோட்டோரம் நின்னதுக்கு அப்புறம் செல்ஃப் அடிச்சா நல்லா சுத்துது ஆனா எஞ்சின் பிடிக்கவே மாட்டேங்குது. பேட்டரி 12.6 வோல்ட் இருக்கு, சாவி ஆன் பண்ணதும் பின்னாடி பம்ப் சத்தம் ரெண்டு செகண்ட் வருது, டேங்க்ல பெட்ரோலும் இருக்கு (யாராச்சும் கேப்பீங்கன்னு தெரியும்).

ஸ்பார்க் பிளக்க கழட்டி பாத்தா பெட்ரோல்ல நனைஞ்சு கெடக்கு, ஆனா டெஸ்டர் வச்சா எதுலயுமே ஸ்பார்க் இல்ல. தெருமுனை மெக்கானிக் ஸ்கேனர் கூட போடாம இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போச்சு மாத்திடலாம்ங்கறார். எனக்கு ஒத்துக்கல, இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்குதுன்னா கிராங்க் சென்சார் (எஞ்சின் சுத்தறத இசியூவுக்கு சொல்றது) சிக்னல் வருதுன்னு தானே அர்த்தம், செல்ஃப் அடிக்கறப்ப ஆர்பிஎம் முள்ளும் லேசா ஆடுது, அப்ப ஒண்ணு இக்னிஷன் காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் குடுக்கறது), இல்லன்னா காயிலுக்கு வர்ற 12 வோல்ட் லைன், கனெக்டர்ல தண்ணி, இந்தப் பக்கம்தான் பாக்கணும்னு தோணுது.

டெஸ்ட் லைட் வச்சு காயில் கனெக்டர்ல எந்த பின்ன செக் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. காயில்தான்னா புதுப்பேட்டைல பழசு வாங்கலாமா, இல்ல ஜிபி ரோட்லயே புதுசு வாங்கிடவா?